சோதனைச் செய்தியில் இருந்த வீடு

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. அரசாங்கக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், படிக்கட்டு இருமுறை திரும்பி இறங்கிய பிறகு வரும் இரும்புக் கதவுக்கு அப்பால் அது இருந்தது. இரண்டு மேசைகள், ஒரு திரை, ஓர் அச்சு இயந்திரம், சூடேறிய தூசியின் மணம், அவ்வளவுதான். காலங்காலமாகப் பகைத்து நிற்கும் இரு நாடுகள், ஏதோவொரு தவறான புரிதலால் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டுவிடக் கூடாதே என்று ஏற்படுத்திக்கொண்ட நேரடித் தொடர்பின் ஒரு முனை அங்கேதான் வந்து முடிந்தது. வெளியில் எல்லோரும் அதை ஹாட்லைன் என்றார்கள். சிவப்பு நிறத் தொலைபேசி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டார்கள். அப்படி எதுவும் அங்கே இல்லை. பேசினால் குரலில் கோபம் தெரிந்துவிடும் என்பதால், எழுத்து மட்டுமே போதுமென்று இரு தரப்பாரும் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள்.

அவள் அந்த அறையின் பகல்நேர மொழிபெயர்ப்பாளர். தலைவர்கள் அந்த வழியில் பேசிக்கொள்வது அபூர்வம். ஆனால் வழி உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு மணி நேரமும் பார்த்தாக வேண்டும். அதற்காக ஒரு முறை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சோதனைச் செய்தி வரும். அடுத்த முறை இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று போகும். வருவதை மொழிபெயர்ப்பதும் போவதை எழுதுவதும் அவளுடைய வேலை.

சோதனைச் செய்தியில் என்ன எழுதலாம் என்பதில்தான் எல்லாச் சங்கடமும். வானிலையைப் பற்றி எழுதக் கூடாது; மேகம் என்றால் விமானத்துக்கு வசதியோ என்று எதிர்த்தரப்பு யோசிக்கும். விளைச்சலைப் பற்றி எழுதக் கூடாது, எண்கள் கூடாது, மனிதர்கள் அறவே கூடாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே, இரு தரப்புக்கும் மிஞ்சியது ஆளில்லாத ஒரு வீடு. அதன் கூடத்தை ஒருவர் எழுதுவார்; அடுத்தவர் அந்தக் கூடத்தில் ஒரு மேசையைப் போடுவார். செய்தியை இயந்திரம் விழுங்கிவிடவில்லை, மனிதர் ஒருவர் படித்தார் என்பதற்கு அடையாளமாக, முந்தைய செய்தியில் இருந்த ஏதாவது ஒரு பொருளையாவது மறுசெய்தி தொட்டுச் செல்ல வேண்டும் என்பது வழக்கம். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. இருந்தும் இரு பக்கமும் அதை மீறியதில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வீடு வளர்ந்தது. சமையலறை அலமாரியின் கீல் எந்தப் பக்கம் இழுக்கும், கூடத்து நாற்காலியில் எந்தக் கால் ஆடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பக்கத்தில் எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அவருக்கும் அந்த நாற்காலி தெரியும்.

கடலடியில் போடப்பட்டிருந்த கேபிள் ஒன்று அறுந்தபோது இந்தச் சிக்கல் ஆரம்பித்தது. அறுந்ததா, அறுத்தார்களா என்று தெரியவில்லை. அதைத் தொடர்ந்து நகரத்தின் மின்கட்டமைப்பை யாரோ கணினி வழியாக முடக்கினார்கள். பிறகு துறைமுகத்தில் ஆளில்லா விமானம் ஒன்று விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் இவர்களையும், இவர்கள் அவர்களையும் குற்றம் சொன்னார்கள். கடைகளில் தண்ணீர் புட்டிகள் தீர்ந்துபோயின.

அப்போது அந்த அறையின் இயக்குநர் ஒரு கட்டளை இட்டார். அவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக் கையை ஒருபோதும் மடித்துவிடாதவர். சோதனைச் செய்திகளில் இரட்டை அர்த்தத்துக்கு இடம் தரக்கூடிய எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்றார். அவள் பணிவோடு தலையசைத்துவிட்டு, செய்தியில் இருந்த வீட்டின் சமையலறையிலிருந்து கத்தியை எடுத்தாள். அடுத்து கடிகாரம்; தாக்கும் நேரத்தைக் குறிப்பதாக நினைத்துவிட்டால்? பிறகு திரைச்சீலை, நகரத்தை இருட்டடிப்பு செய்யப்போவதாக நினைத்துவிட்டால்? கண்ணாடி, சாவி, விளக்கு, ஆடும் நாற்காலி என்று ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், தன்னுடைய செய்திகளிலிருந்து அகற்றிவிட்டாள்.

சில நாட்களில் அந்தப் பக்கத்திலிருந்து வரும் செய்திகளின் போக்கு மாறியது.

"கூடத்துச் சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த இடம் வட்டமாக வெளுத்திருக்கிறது," என்று திரையில் வந்தது. "ஜன்னலில் திரைச்சீலை தொங்கிய கம்பி மட்டும் இருக்கிறது. சமையலறையில் நடந்தால் எதிரொலி கேட்கிறது."

அவள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். எதிரொலி என்ற சொல் அந்த வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை.

இயந்திரங்களைப் பராமரிப்பவர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எது பழுதானாலும் முதலில் "ஃபியூஸ் போயிருக்கும்" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஃபியூஸ் என்றே பெயர்.

"என்ன தங்கச்சி, அந்தப் பக்கத்துக்காரர் வீட்டைக் காலி பண்றார் போல. அட்வான்ஸ் திரும்ப வாங்கிட்டாரான்னு கேளேன்."

"அண்ணே, சும்மா இருங்க. எனக்கே பயமா இருக்கு."

"எதுக்குக் கலங்கறே? யாருமே குடியிருக்காத வீடு. அதைக் காலி பண்ணா என்ன, பூட்டினா என்ன?"

"யாருமே இல்லாத வீட்டுல நடந்தா எதிரொலி யாருக்குக் கேக்குதாம்?"

ஃபியூஸ் அச்சு இயந்திரத்தின் மூடியை எதற்கோ திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் சாத்தினார்.

அடுத்தடுத்து வந்த செய்திகளில் அந்த வீடு வெறிச்சோடிக்கொண்டே போனது. ஆணி அடித்த துளைகள். அலமாரிக்குப் பின்னால் வெயில் படாத சுவரின் புது நிறம். மாலைக்குள் ஒரு செய்தியில் கட்டிலும் போயிருந்தது. அது கிடந்த இடத்தில் நான்கு கால்களின் பள்ளம் மட்டும் இருந்தது. அவள் கட்டிலை எடுக்கவே இல்லை. கட்டிலை யாராலும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது என்று விட்டுவைத்திருந்தாள்.

இயக்குநர் அச்சிட்ட தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"இது என்னம்மா அர்த்தம்?"

"தெரியலை சார்."

"எனக்கு ஒரு அர்த்தம்தான் தோணுது. மக்களை வெளியேத்திட்டாங்க, தலைவருங்க பதுங்கிட்டாங்க, அதை நமக்கே சொல்லிக் காட்டறாங்க. நாளைக்கு மேலே கூட்டம். இது மிரட்டலா, இல்லையான்னு நான் ஒரே வரியில சொல்லணும். மிரட்டல்னு சொல்லிட்டா, அவங்க அடிக்கிறதுக்கு முன்னாடி நாம அடிச்சிடணும்னு அங்க ஒரு கோஷ்டி காத்துக்கிட்டு இருக்கு."

"இல்லைன்னு சொன்னா?"

"சொல்லி, அவங்க அடிச்சுட்டா, அந்தப் பழியைச் சுமக்க நாம இருக்க மாட்டோம்." அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "இத்தனை வருஷமா நீங்கதான் அந்த ஆளோட எழுதிக்கிட்டு இருக்கீங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

வழக்கமாகப் பேருந்தில் போகிறவள் அன்று நடந்தே வீட்டுக்குப் போனாள். தெருவில் பல வீடுகளின் முன்னால் கார்களின் மேல் மெத்தைகள் கட்டப்பட்டிருந்தன. யாரும் யாரிடமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

அவளுடைய கணவர் கல்லூரியில் சர்வதேசப் பாதுகாப்பு என்ற பாடத்தை முதலாண்டு மாணவர்களுக்கு நடத்துகிறவர். மகளை ஏற்கெனவே நகரத்திலிருந்து தொலைவில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அவர் கூடத்தில் உட்கார்ந்து பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா. இன்னிக்குப் பாதுகாப்புச் சிக்கல்ங்கற பாடம் நடத்தினேன். பாதி பெஞ்சு காலி. மிச்சம் இருந்ததுல ஒரு பொண்ணு எழுந்து, 'சார், பரீட்சை நடக்குமா?'ன்னு கேட்டா. அதுக்கு எந்தக் கோட்பாட்டுலயும் விடை இல்லை."

"எனக்கும் கொஞ்சம் நடத்துங்களேன். புரியுதான்னு பாக்கறேன்."

"உனக்கு எதுக்கு? நம்ம கல்யாணத்துல நேர்ல பாத்தியே. முதல் தடவை பேச வந்தப்போ, துணைக்கு இருக்கட்டும்னு உங்கம்மா பெரியப்பா சித்தப்பா எல்லாரையும் கூட்டிட்டு வந்தாங்க. எங்கம்மா அதைப் பாத்துட்டு, சண்டைக்குத்தான் ஆள் சேக்கறாங்கன்னு எங்க மாமா கூட்டத்தையே இறக்கினாங்க. அதைப் பாத்து உங்கம்மா இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேருக்குமே பயம்தான். ஆனா பயந்தவனும் பாயப் போறவனும் தூரத்துல இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் தெரிவான். அதுதான் பாடம்."

"இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?"

"இன்னும் இருக்கு. எல்லாரும் எல்லாருக்கும் பயந்துதான் ஆகணும்னு ஒரு கூட்டம் சொல்லும். வியாபாரமும் ஒப்பந்தமும் இருந்தா சண்டை குறையும்னு இன்னொரு கூட்டம். எதிரின்னு யாரும் பிறக்கறதில்லை, ரெண்டு பக்கமும் சேர்ந்து செஞ்சுக்கறதுதான்னு மூணாவது கூட்டம்."

"நீங்க எந்தக் கூட்டம்?"

"சம்பளம் வர்ற அன்னிக்கு ரெண்டாவது. பெட்டி கட்டற அன்னிக்கு முதல்." அவர் சிரித்துவிட்டுக் கயிற்றை இறுக்கினார். பிறகு தலையைத் தூக்காமலேயே கேட்டார். "நான் நாளைக்குக் கிளம்பணுமா, வேண்டாமா? நீ ரகசியம் எதுவும் சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு."

அவளுடைய கண் எதிர்ச் சுவரில் நின்றுவிட்டது. அங்கே வட்டமாக, வெளுப்பாக ஒரு தடம் இருந்தது.

"கடிகாரம் எங்க?" என்று கேட்டாள்.

"பெட்டியில."

திரைச்சீலைக் கம்பி வெறுமனே இருந்தது. சமையலறையை நோக்கி அவள் நடந்தபோது அவளுடைய காலடி அவளுக்கே கேட்டது. சமையலறை அலமாரி சாய்வாக நகர்த்தப்பட்டு, அதன் பின்னால் சுண்ணாம்பு புதிது போல இருந்தது. அந்த அலமாரியின் கீல் இடப்பக்கம் இழுக்கும். அவள் அதை வாங்கிய பிறகு செய்தியில் எழுதினாளா, செய்தியில் படித்த பிறகு வாங்கினாளா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கூடத்தின் வட்டக் கடிகாரமும் அப்படித்தான். கடையில் எத்தனையோ கடிகாரங்கள் இருந்தும் அதைப் பார்த்தவுடன் இதுதான் நம்முடையது என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் எழுதுகிறவரின் சுவரிலும் இதே கடிகாரம்தான் தொங்கியிருக்குமோ?

அந்த வெறும் அறையில் யாரோ தனக்கு முன்பே நடந்து போயிருக்கிறார் என்பது போல இருந்தது.

ஆனால் அவள் வாயிலிருந்து தானாக வந்த கேள்விதான் அன்று மாலை முழுவதும் அவளோடு இருந்தது. கடிகாரம் எங்க? சுவரில் வெளுத்த தடத்தைப் பார்க்கிறவர் வேறு என்ன கேட்பார்?

மறுநாள் அவள் அறைக்குள் நுழைந்தபோது இயக்குநர் அவளுக்கு முன்பே வந்திருந்தார். ஃபியூஸ் வணக்கம் சொல்லவில்லை; திரையைக் கைகாட்டினார்.

"வீட்டில் எதுவும் இல்லை," என்று வந்திருந்தது. "பின்வாசல் கதவு திறந்திருக்கிறது."

அந்த வீட்டுக்குப் பின்வாசல் உண்டு என்பதே அதுவரை எழுதப்பட்டதில்லை. கூடம், சமையலறை, படுக்கையறை, ஒரு நடை. அவ்வளவுதான் இருவரும் கட்டியது. இப்போது நடையின் கோடியில் ஒரு கதவு இருந்தது. அது திறந்தும் இருந்தது. அதற்கு அப்பால் என்ன என்று செய்தி சொல்லவில்லை.

"சொல்லுங்கம்மா," என்றார் இயக்குநர். "மேலே கூட்டத்தை ஆரம்பிச்சுட்டாங்க."

"சார், இது மிரட்டல் இல்லை. கேள்வி."

"கேள்விக்குறியே இல்லையே."

"வைக்க முடியாது சார். சோதனைச் செய்தியில கேள்வி கேக்கக் கூடாது. நாமதான் முதல்ல எடுத்தோம். நீங்க சொன்னதால நான் கத்தியை எடுத்தேன், கடிகாரத்தை எடுத்தேன், திரைச்சீலையை எடுத்தேன். அவர் என் செய்தியில இருக்கற ஏதாவது ஒண்ணைத் தொட்டு எழுதணும். தேடறார், இல்லை. அதனால இல்லாத இடத்தைத் தொட்டு எழுதறார். கடிகாரம் எங்கே போச்சு, திரைச்சீலை எங்கே போச்சுன்னு மணிக்கு மணி என்னைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். நான் பதில் சொல்லாம இன்னொண்ணை எடுத்தேன்."

"கட்டிலை நீங்க எடுக்கலையே."

"அது அவரோட பயம் சார். நான் வீட்டைக் காலி பண்றேன்னு அவர் நினைச்சுட்டார். எங்க தெருவுல மெத்தையைத்தான் முதல்ல ஏத்தறாங்க."

இயக்குநர் மடிக்காத சட்டைக் கையின் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாம ஜாக்கிரதைக்காக எடுத்தோம். அவங்களும் அப்படித்தான்னு என்ன ஆதாரம்?"

"ஆதாரம் இல்லை சார்."

"ஆதாரம் இல்லாம ஒரு நாட்டையே பணயம் வைக்கச் சொல்றீங்க."

"மிரட்டல்ங்கறதுக்கும் ஆதாரம் இல்லையே சார். மன்னிக்கணும். எதிர்த்துப் பேசறதா நினைக்காதீங்க."

இந்தப் பக்கத்துச் செய்தி போக வேண்டிய வேளை வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினாள். "கூடத்தில் நாற்காலி இருக்கிறது. அதன் ஒரு கால் ஆடுகிறது."

இயக்குநர் குனிந்து படித்தார். "அழிங்க. இன்னிக்கு எதை மாத்தினாலும் அது சமிக்ஞை. அதைத் தர நமக்கு அதிகாரம் இல்லை."

"நாம பொருளை எடுத்ததுகூட சமிக்ஞைதான் சார். தெரியாம தந்துட்டோம்."

"அழிங்கன்னு சொன்னேன்."

அவள் வாழ்நாளில் மேலதிகாரி சொன்னதை மறுத்தவள் இல்லை. பள்ளியில் வகுப்புத் தலைவி, கல்லூரியில் நல்லொழுக்கச் சான்றிதழ். "சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்ததை அவளே வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் கத்தவில்லை. இயக்குநர் கதவருகே இருந்த உள்தொலைபேசியை எடுத்து, "அடுத்த செய்தி வந்ததும் சொல்றேன்," என்றார். மறுமுனையில் யாரோ நீளமாகப் பேசினார். "தெரியுது. அதுவரைக்கும்தான் கேக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

பிறகு அவர்கள் காத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறையில் காத்திருப்பது கடினம். வெளியே உலகம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க இடம் இல்லை. காற்றுக்குழாயில் ஒரு சத்தம் வந்து நின்றது. அவளுக்கு மட்டும் கண்ணை மூடினால் அந்தக் கூடம் தெரிந்தது. நடுவில் ஒற்றை நாற்காலி. நடையின் கோடியில் திறந்த கதவு. இதற்குமுன் அந்த வீட்டை நினைக்கும்போதெல்லாம் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது அந்த வீடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இயந்திரம் உயிர்பெற்றது. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவள் படிக்கப் படிக்கவே உரக்க மொழிபெயர்த்தாள்.

"கூடத்தில் நாற்காலி இருக்கிறது. உட்காரும் பலகை இன்னும் சூடாக இருக்கிறது."

எழுத்துகள் நின்று, ஒரு கணம் தயங்கி, மீண்டும் வந்தன.

"பின்வாசல் கதவு சாத்தியிருக்கிறது."

"யாரு தங்கச்சி உட்கார்ந்திருந்தது?" என்றார் ஃபியூஸ் மெதுவாக. அவர் குரலில் கேலி இல்லை. "அந்த வீட்டுல இத்தனை வருஷமா யாருமே கிடையாதே."

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாத் திரைகளும் அப்படித்தான் இருக்கும்.

இயக்குநர் தொலைபேசியை எடுத்தார். "வழக்கமான சோதனைச் செய்தி," என்றார். "மிரட்டல் இல்லை. ஆமா. எழுதிக்கோங்க, என் பொறுப்பு." வைத்த பிறகும் சிறிது நேரம் அவருடைய கை அதன் மேலேயே இருந்தது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னது சரியா இருக்கலாம்மா. அதனாலதான் இனிமே நீங்க இங்க உட்காரக் கூடாது. எதிரியோட மனசு இவ்வளவு புரியற ஒருத்தரை இந்த மேசையில வெச்சுக்க எனக்குத் தைரியம் இல்லை. சாயந்திரத்துக்குள்ள வேற ஆள் வந்துடுவாங்க. அனுமதி அட்டையை வாசல்ல கொடுத்துடுங்க."

"சரிங்க சார்," என்றாள். இம்முறை சொன்னபடியே செய்தாள்.

ஃபியூஸ் படிக்கட்டு வரை கூட வந்தார். "புதுசா வர்றவங்களுக்கு அந்த நாற்காலியைப் பத்தி நான் சொல்லிடறேன்," என்றார். அது ஆறுதலா, பயமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. இன்றைக்கு அடி விழவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அடுத்த முறை அந்தப் பக்கத்தில் இருப்பவர், தனக்குப் பழக்கமில்லாத ஒரு கை எழுதிய செய்தியைப் படிப்பார். அப்போது என்ன நினைப்பார் என்று தெரியாது. தெருவோரம் நின்று கணவரை அழைத்தாள்.

"சொல்லு," என்றார் அவர். "வண்டி வந்து நிக்குது. கிளம்பணுமா, வேண்டாமா?"

அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

"எனக்கும் சேர்த்துச் சமைச்சு வைங்க," என்றாள். "வந்துக்கிட்டே இருக்கேன்."

மறுமுனையில் பெட்டி ஒன்றைத் தரையில் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதை வீட்டுக்குள்ளே இழுக்கிறாரா, வாசலுக்கு இழுக்கிறாரா என்று அந்தச் சத்தத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.